அமெரிக்கப் பங்காளி

சினிமா பார்த்துவிட்டு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். அவர் என் அக்காவின் கணவர்.

காஞ்சிபுரத்தில் மின்சார ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தபோது, "தனியா ரூம் எடுத்து ஓட்டல்ல சாப்ட்டு வயித்தைக் கெடுத்துக்காதே" என்று அக்கா சொன்னாள். அவள் சொல்லுக்காகவே காத்திருந்தவன்போல், சின்ன காஞ்சிபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். போன முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்தக் காட்சியைப் பார்த்தேன். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். வெளியே போயிருந்த மாமா திரும்பி வந்தார். வாசல் வழியாக நுழையாமல் பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போய், சட்டை வேட்டியோடு கிணற்றடியில் நின்று, தண்ணீர் இறைத்து இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். உறவில் யாரோ காலமாகிவிட்டார் போலிருக்கிறது, வந்த இடத்தில் என்னவென்று கேட்பது என்று நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். அப்போது சமையலறையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"இன்னிக்கு எப்படி செத்தாரு, தம்பி?"

"குதிரை மேலேருந்து, அண்ணி. முதுகுல சுட்டுட்டானுங்க."

"அடப் பாவமே. சரி, தலையைத் துவட்டிக்கினு வாங்க. கொழம்பு ஆறிடப் போவுது."

குரல் மாமாவின் அண்ணியுடையது. மாமா அப்படி அழைத்ததால் நானும் அண்ணி என்றே அழைக்கப் பழகினேன். செத்தவர் ஓர் அமெரிக்க நடிகர் என்பது எனக்குத் தெரிய, சாப்பாட்டில் மோர் வருகிறவரை ஆயிற்று.

ஞாயிறு காலைக் காட்சியாக ஊரில் ஒரு கொட்டகையில் இங்கிலீஷ் படம் போடுவார்கள். அதில் குதிரை வரும், கப்பல் வரும், யுத்தம் வரும். எது வந்தாலும் அடிக்கடி ஒரு நடிகரும் வருவார். நீண்ட முகம், ஒட்டிய கன்னம். நடக்கும்போது இடது தோள் சற்று இறங்கியே இருக்கும். கதாநாயகனுக்கு மூன்றாவது எதிரியாகவோ இரண்டாவது நண்பனாகவோ வருவார். எப்படி வந்தாலும் இடைவேளைக்கு அந்தப் பக்கம் உயிரோடு போகமாட்டார். போஸ்டரில் அவர் பெயர் இருக்காது. படத்தின் தொடக்கத்தில் எழுத்து ஓடும்போது இருக்கும். நாம் படிப்பதற்குள் அது ஓடியே போய்விடும். மாமா அவரை "நம்ம ஆளு" என்பார். பிறகு பெயர் தெரிந்தபோதும் அந்தப் பெயர் வாயில் அடங்காததால் அவர் நம்ம ஆளாகவே இருந்துவிட்டார்.

"சாவைப் பார்த்துட்டு வந்தா குளிக்கணுமா, வேணாமா?" என்று மாமா என்னையே கேட்டார்.

"சினிமாவுலதானே மாமா?"

"சினிமாவுலதான் பார்த்தேன். பார்த்தேனா இல்லியா?"

"மொத சீன்லியே பத்து பேரைச் சுட்டுத் தள்றான். அவங்களுக்கெல்லாம் குளிக்கலியே?"

"அவங்க யாரோ எவரோ. இவரு நம்ம ஆளு மச்சான்."

அக்கா இலையை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "பங்காளி செத்தா பத்து நாளு தீட்டு. இவரு ஒரு முழுக்கோட போய்டறாரு, அந்த வரைக்கும் புண்ணியம். உங்க மாமாவுக்கு அமெரிக்காவுல ஒரு பங்காளி இருக்கறது கல்யாணத்துக்கு முன்னாடி நம்ம வீட்ல யாருக்குடா தெரியும்?"

மாமாவைப் பைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. ஊரில் அவருக்குப் பெரிய பெயர். பட்டுக்கடை ஒன்றில் புடவை எடுத்துக் காட்டுகிறவர். அவர் கையால் கூறைப்புடவை வாங்கினால் அந்தக் கல்யாணம் நிலைக்கும் என்று ஒரு நம்பிக்கை எப்படியோ பரவியிருந்தது. திருவண்ணாமலை, ஆம்பூர் என்று எங்கிருந்தோ பெண் வீட்டார் வந்து, முதலாளியையே தள்ளிவிட்டு, "அந்தக் கைராசிக்காரரைக் கூப்பிடுங்க" என்பார்கள். புடவையை அவர் தம் இரண்டு கைகளாலும் எடுத்துப் பெண்ணின் தாயாரிடம் கொடுக்க வேண்டும். வாரம் முழுவதும் மங்கலப் புடவையைத் தொடுகிற கை. ஞாயிற்றுக்கிழமைத் தீட்டோடு திங்கட்கிழமை அதைத் தொடலாமா? இதில் அவருக்கு ஒரு தர்க்கம் இருந்தது. சினிமாவுக்குப் போகாமலே இருந்துவிடலாமே என்கிற தர்க்கம் மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

ஊரே இரண்டு தமிழ் நடிகர்களுக்காக இரண்டு கட்சியாகப் பிரிந்து சட்டையைக் கிழித்துக்கொண்டிருந்த காலம் அது. மாமா இரண்டிலும் இல்லை. "அவங்களுக்கு ஊரே இருக்குது. நம்ம ஆளுக்கு யாரு இருக்கா?" என்பார். கதாநாயகர்களைப் பற்றி அவருக்குத் தொழில்முறையில் ஓர் அபிப்பிராயம் இருந்தது.

"ஹீரோன்றது முந்தானை மாதிரி மச்சான். கடைக்கு வர்றவங்க எல்லாரும் அதைத்தான் பிரிச்சிக் காட்டச் சொல்லுவாங்க. முந்தானையை மட்டும் கட்டிக்கினு எவளாவது தெருவுல நடக்க முடியுமா? ஒடம்புத் துணிதான் மானத்தைக் காப்பாத்துது. நம்ம ஆளு ஒடம்பு."

இங்கிலீஷ் புரியும் என்கிற நம்பிக்கையில் என்னையும் வாரா வாரம் அழைத்துப் போவார். மூக்கால் பேசுகிற அந்த இங்கிலீஷ் எனக்கும் புரியாது. ஆனால் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் எதிரில் அதைச் சொல்ல முடியுமா? அவன் தங்கத்தைத் திருடிவிட்டான், இவன் அதைக் கேட்கிறான் என்று பொதுவாகச் சொல்லி வைப்பேன். பெரும்பாலும் அதுதான் கதையாகவும் இருந்தது. நம்ம ஆளு செத்த உடனே மாமா எழுந்துவிடுவார். "காரியம் ஆயிடுச்சி, வா" என்பார். அவரோடு பார்த்த படங்களில் ஒன்றுக்குக்கூட முடிவு என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வழியெல்லாம் அவர் ஒரே புலம்பல். "சுடறானுங்க, தூக்குல போடறானுங்க, முதலை வாயில தள்றானுங்க. எல்லாமே துர்மரணம். ஒரே ஒரு படத்துல, வயசான காலத்துல, தூக்கத்துல போற மாதிரி அந்த மனுஷனை எடுக்கக் கூடாதா? அப்படிக் கொடுத்து வெச்ச சாவு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு."

மெட்ராஸுக்குச் சரக்கு விஷயமாகப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளைக் கிளறி அமெரிக்க சினிமாப் பத்திரிகைகளை வாங்கி வருவார். எடைக்குப் போட்ட பத்திரிகைகள்தாம். எப்போதாவது ஒரு மூலையில் நம்ம ஆளின் படமும் நாலு வரியும் இருக்கும். அந்த நாலு வரியைப் படித்துச் சொல்வது என் வேலை. பேச்சுத்தான் புரியாதே தவிர, அச்சடித்த இங்கிலீஷ் எனக்கு ஓரளவு வரும். இப்படித் துண்டுத் துண்டாக எங்கள் வீட்டுக்கு அவருடைய வாழ்க்கை வரலாறு வந்து சேர்ந்தது. தகப்பனார் உருளைக்கிழங்கு விவசாயி. இவர் லாரி ஓட்டினார், யுத்தத்துக்குப் போனார், திரும்பி வந்து நாடகத்தில் சேர்ந்தார். முதல் படத்தில் வசனமே கிடையாது, ஒரு கதவைத் திறந்து செத்து விழுவதுதான் வேஷம். அதை நன்றாகச் செய்யவே, சாகிறதற்கென்றே அவரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"அவருக்கும் கைராசிதான்" என்றாள் அக்கா.

மூன்று முறை கல்யாணம் செய்து மூன்றும் முறிந்துபோயின என்று நான் படித்தபோது மாமா மிகவும் வருத்தப்பட்டார். "கூறை எடுத்துக் குடுத்தவன் கை சரியில்ல" என்றார். அந்த ஊரில் கூறைப்புடவை கிடையாது என்று நான் சொன்னேன். "அதான் பாரேன்" என்றார். அதற்கு மேல் யாரும் அவரோடு வாதாட முடியாது.

இதையெல்லாம் நான் வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது வேடிக்கையாக எழுதுவேன். வேடிக்கைக்கு அடியில் என்ன இருந்தது என்பதை அக்கா ஒரு நாள் சொன்னாள். ஒரு பத்திரிகையில் நம்ம ஆளு தோளில் சேணத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற படம் வந்திருந்தது. அக்கா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் ஒரு முறை திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தத் தோளைப் பாரு. பெரியவரு மூட்டையைத் தூக்கிக்கினு போறது அப்படியே இப்படித்தான் இருக்கும்."

பெரியவர் என்றது மாமாவின் அண்ணனை. அவரும் புடவை வியாபாரம்தான். மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே போய் ஊர் ஊராக விற்றுவிட்டு வருவார். கடைசியாகப் போனது பம்பாய்க்கு. "கருட சேவைக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். அதற்குப் பிறகு எத்தனையோ வைகாசிகளில் வரதராஜப் பெருமாள் கருடன் மேல் ஏறி வீதி வந்துவிட்டார், இவர் வரவில்லை. மாமா இரண்டு முறை பம்பாய்க்குப் போய்த் தேடியிருக்கிறார். ஒரு துப்பும் கிடைக்கவில்லை. கல்யாணமாகி மூன்றாவது வருடம் தனியாகிப்போன அண்ணி, நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டு, கொழுந்தன் வீட்டுச் சமையலறையை ஆண்டுகொண்டிருந்தாள்.

மாமா எதற்காக அந்த நடிகரைப் பிடித்துக்கொண்டார் என்று எனக்கு அப்போது விளங்கியது. தோள் மட்டும் காரணமில்லை. நம்ம ஆளு இந்த வாரம் சாவார், அடுத்த மாதம் வேறு தொப்பி போட்டுக்கொண்டு உயிரோடு வந்து நிற்பார். எத்தனை முறை கொன்றாலும் திரும்பி வருகிற ஒருவருக்காகக் குளிப்பதில் பயம் இல்லை. எனக்கு அந்த மனிதர்மேல் பிரியம் வந்தது அன்றைக்குத்தான். அதுவரை அக்கா புருஷன் என்கிற மரியாதை மட்டும்தான் இருந்தது.

பிறகு நம்ம ஆளு வருவது நின்றுபோயிற்று.

முதலில் நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. இந்த மாதம் இல்லையென்றால் அடுத்த மாதம் வருவார். கொட்டகையில் புதுப்படம் புதுப்படமாகப் போட்டார்கள். குதிரைகள் வந்தன, கப்பல்கள் வந்தன, வேறு யார் யாரோ வந்து இடைவேளைக்கு முன் செத்தார்கள். மாமா முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. எழுந்து வருவதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் வாசல் வழியாகவே நுழைவார். அண்ணி வழக்கம்போலக் கேட்பாள்: "இன்னிக்கு எப்படி செத்தாரு?"

"வரவே இல்ல, அண்ணி."

இப்படியே ஒரு வருடம், பிறகு இன்னொரு வருடம் போயிற்று. பழைய பத்திரிகைகளிலும் அவர் படம் இல்லை. கொட்டகை மானேஜரைப் போய்க் கேட்டோம். "அந்த ஆளா? ஃபீல்டு அவுட்டு சார். இல்லாட்டி டிக்கெட் வாங்கியிருப்பாரு" என்று சொல்லிவிட்டு, மேலே கையைக் காட்டினார். வரும் வழியில் மாமா, "செத்தாக்கூடப் பரவால்ல மச்சான், வந்து சாகணும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சரியாக அந்தச் சமயத்தில்தான் மாகறலிலிருந்து மாமாவின் சித்தப்பா வந்தார். அவர் பெண்ணுக்கு வரன் தட்டிப்போய்க்கொண்டே இருந்தது. ஜோசியர் பார்த்துவிட்டு, குடும்பத்தில் கரையேறாத ஆத்மா ஒன்று குறுக்கே நிற்கிறது என்று சொல்லிவிட்டாராம். தகவல் இல்லாமல் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டால் போனவரைப் போனவராகவே வைத்து, தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து கொளுத்திக் காரியம் பண்ணிவிட வேண்டும் என்பது முறை. பன்னிரண்டும் அந்த ஆடியோடு முடிகிறது. அமாவாசையன்று பாலாற்றங்கரையில், ஓரிக்கைப் பக்கம், முடித்துவிடலாம் என்றார் சித்தப்பா.

"அண்ணி பொட்டு?" என்றார் மாமா.

"ஊர் ஒலகத்துல இல்லாததா? நம்ம வீட்டுப் பொம்பளைங்க வந்து முறைப்படி பண்ணுவாங்க" என்றார் சித்தப்பா.

மாமா முடியாது என்றார். சித்தப்பா மறுபடி வந்தார், சித்தி வந்தாள், மாப்பிள்ளை அமையாத அந்தப் பெண்ணே ஒரு நாள் வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அதுதான் மாமாவைச் சாய்த்தது. ஊரான் பெண்ணுக்கெல்லாம் கூறை எடுத்துக் கொடுக்கிற கை, சொந்தத் தங்கைக்குக் குறுக்கே நின்றால் எப்படி? ஒரு நாள் சாப்பிடும்போது, "பண்ணிட வேண்டியதுதான் போலிருக்குது" என்றார். அண்ணி சோற்றைப் பரிமாறிவிட்டு உள்ளே போனாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அமாவாசைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, பட்டப்பகலில், மாமா வாடகைச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கடை நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. அன்று எனக்கு லீவு.

"மச்சான், உயிரோட இருக்காரு!"

அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். சமையலறையில் சத்தம் நின்றது.

"யாரு மாமா?"

"நம்ம ஆளு!"

கடைக்கு ஓர் அமெரிக்கத் தம்பதி வந்திருக்கிறார்கள். அந்த அம்மாள் புடவையைத் திரைச்சீலையாகத் தைக்கப் போகிறேன் என்றாளாம். வேறு நாளாக இருந்தால் மாமா புடவையைப் பிடுங்கி வைத்திருப்பார். அன்றைக்கு அவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கல்லா மேசையில் வைத்திருந்த பத்திரிகைப் படத்தை எடுத்து நீட்டி, "திஸ் மேன், டெட்?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் படத்தைப் பார்த்ததும் கைகொட்டிச் சிரித்தாளாம். கூட வந்த வழிகாட்டி தமிழில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

"டெலிவிஷன்னு ஒரு பொட்டி இருக்குதாம். வாரா வாரம் அதுல வராராம். கிராமத்து டாக்டரு வேஷம். அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு அவரைப் பாக்கறாங்களாம். சினிமாவை விட்டே பல வருஷம் ஆச்சாம்."

"அதுல எப்படி சாவறாரு?" என்றேன்.

"சாவறதே இல்லியாம்! அவருதான் ஹீரோவாம். அவரு செத்துட்டா பொட்டியில அடுத்த வாரத்துக்கு ஆளு ஏது? மத்தவங்க சாகப் பொழைக்கக் கெடக்கறாங்களாம், இவரு போய்க் காப்பாத்தறாராம்." மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாம இங்க கொட்டாயில தேடிக்கினு இருக்கோம். அவரு அங்க பெரிய டாக்டரு."

அந்தப் பெட்டி அப்போது நம் நாட்டில் டில்லியைத் தாண்டவில்லை. காஞ்சிபுரத்தில் நம்ம ஆளு கண்ணில் படாததற்கு அதைவிட நியாயமான காரணம் வேறென்ன வேண்டும்?

அடுத்த நாள் சித்தப்பா புரோகிதரையும் அழைத்துக்கொண்டு ஏற்பாடுகளைப் பேச வந்தார். மாமா கூடத்தில் நின்றபடியே, "காரியம் கிடையாது" என்றார்.

"ஏன்டா?"

"நம்ம கண்ணுல படலன்னா செத்துட்டாருன்னு அர்த்தமா சித்தப்பா? நமக்குத் தெரியாத எடத்துல இருக்கலாம் இல்ல? நம்ம ஆளையும் இப்படித்தான் செத்துட்டாருன்னாங்க. அங்க போய்ப் பார்த்தா பொட்டியில டாக்டரா இருக்காரு."

சித்தப்பாவுக்கு அந்தக் கதை அரைகுறையாகத் தெரியும். கோபத்தில் துண்டை உதறினார். "எவனோ வெள்ளைக்காரன் செத்தா குளிக்கறே. கூடப் பொறந்தவனுக்கு ஒரு முழுக்குப் போட மாட்டேங்கறே. நீயெல்லாம் ஒரு தம்பியா? சாமி, நீங்களே கேளுங்க இந்த அநியாயத்தை."

புரோகிதர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "யாரு, அந்த ஒத்தைத் தோள் தொங்கறவனா?" என்றார்.

எல்லாரும் அவரையே பார்த்தோம்.

"ஆத்துல சொல்லிடாதேங்கோ" என்றார். "தலையில துண்டைப் போட்டுண்டு பின்னாடி பெஞ்சுல உக்காந்துப்பேன். அவனைக் காணோமேன்னு நானும்தான் நெனச்சிண்டிருந்தேன். டாக்டராயிட்டானா? பேஷ்."

அதன் பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்டாயம் இப்போதே செய்தாக வேண்டும் என்றில்லை, குடும்பத்தாருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் தள்ளிப் போடலாம், சாஸ்திரத்தில் அதற்கு இடம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். சாஸ்திரத்தில் எதற்குத்தான் இடமில்லை? சித்தப்பா காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார். அண்ணன் பிழைத்தார், அண்ணி பொட்டும் பிழைத்தது என்று மாமாவுக்கு ஒரே பூரிப்பு. அக்காவுக்கும் எனக்கும்கூட ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் அண்ணி கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமா துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, அமெரிக்கப் பெட்டியின் பெருமையை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"தம்பி, அவரு அங்க நல்லா இருக்காரு இல்ல?"

"ராஜா மாதிரி இருக்காராம், அண்ணி."

"நாம இங்க அவரு எப்ப வருவாரு, எப்ப வருவாருன்னு காத்துக்கினு இருந்தது அவருக்குத் தெரியுமா?"

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சா திரும்பி வருவாரா?"

மாமா யோசித்தார். "வர மாட்டாரு. எதுக்கு வரணும்? அங்கதான் நல்லா இருக்காரே."

"அப்போ உங்க அண்ணனும் அப்படித்தானா?"

மாமா கல்லிலிருந்து எழுந்துவிட்டார். அண்ணி கையிலிருந்த சொம்பை அலசிக் கவிழ்த்தாள்.

"இத்தினி வருஷமா நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா? ரயில்ல அடிபட்டாரோ, ஜொரம் வந்து எந்த ஆசுபத்திரியில கெடந்தாரோ, பாவம், வரணும்னுதான் இருந்திருப்பாரு, வர முடியலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீங்க நேத்து ஓடி வந்து உயிரோட இருக்காருன்னீங்க பாருங்க, கரண்டியை அப்படியே கீழ வெச்சிட்டேன். எங்கியோ ஒரு ஊர்ல கடை வெச்சிக்கினு, ஒருத்தியைக் கட்டிக்கினு, புள்ளை குட்டியோட நல்லா இருந்துக்கினே என்கிட்ட வரலன்னா, நான் இன்னா தம்பி நெனச்சிக்கறது? செத்துட்டாருன்னா அழலாம். இதுக்கு இன்னா பண்றது?"

"அண்ணி, உங்க பொட்டுக்காகத்தான் நான்..."

"என் பொட்டுக்கா? நீங்க குளிக்க பயந்துக்கினு என் பொட்டு மேல பழியைப் போடாதீங்க." கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் நிறைந்திருந்தது. "தாலி அவரு கட்டினது. அதைக் கழட்டிடறேன். பொட்டு எங்கம்மா வெச்சி விட்டது, அவரைப் பாக்கறதுக்கு முன்னாடியே இருந்தது. அதை யாரும் தொட வேணாம். காரியத்தைப் பண்ணிடுங்க, தம்பி. எனக்கு அவரு செத்தவராவே இருக்கட்டும். அந்தப் பொண்ணுக்கும் ஒரு வழி பொறக்கும்."

கயிற்றைப் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அண்ணியைப் பற்றி நாங்கள் எல்லாரும் எவ்வளவோ பேசியிருக்கிறோம், அண்ணியிடம் யாரும் பேசவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை மாமாவே மாகறலுக்குச் சைக்கிளில் போய்ச் சித்தப்பாவைச் சமாதானம் செய்துவிட்டு வந்தார்.

அமாவாசையன்று பாலாற்றுக்குப் போனோம். வழக்கம்போல ஆற்றில் மணல்தான் இருந்தது. நாணலுக்குப் பக்கத்தில் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியக் காத்திருந்து, சொம்பால் மொண்டு மாமா தலையில் ஊற்றினார்கள். தர்ப்பைப் புல்லில் செய்த அண்ணன் நீளத்தில் முழங்கையளவுகூட இல்லை. புரோகிதர் அதைக் கட்டும்போது முடிச்சு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, உருவத்துக்கு இடது தோள் இறங்கியிருந்தது. அவிழ்த்துத் திரும்பக் கட்டப் போனவரை மாமா, "இருக்கட்டும் சாமி, அப்படியே இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டார். காய்ந்த புல், நெருப்பு வைத்ததும் முடிந்துவிட்டது.

நாங்கள் திரும்பி வந்தபோது தாலி பூஜை மாடத்தில் ஒரு கிண்ணத்துப் பாலில் கிடந்தது. முறை செய்ய வந்திருந்த சித்தி, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மாமா சந்து வழியாகக் கிணற்றடிக்குப் போனார். நானும் அக்காவும் பின்னால் போனோம். மாமா வாளியை இறக்கி, இறைத்து, தலையில் ஊற்றிக்கொண்டார்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. எப்போதும் வருகிற அதே குரல்தான்.

"இன்னிக்கு எப்படி செத்தாரு, தம்பி?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா வாளியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எத்தனையோ சாவுகளை அந்த இடத்தில் நின்று சொல்லியிருக்கிறார். துப்பாக்கி, தூக்கு, முதலை என்று ஒன்றுவிடாமல் சொன்னவர்.

"தூக்கத்துல, அண்ணி" என்றார். "ராத்திரி படுத்தவரு, காலையில எழுந்துக்கல. வலி கிலி ஒண்ணும் தெரியலியாம்."

உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது.

"நல்ல சாவு" என்றாள் அண்ணி. "சரி, தலையைத் துவட்டிக்கினு வாங்க. கொழம்பு ஆறிடப் போவுது."

மாமா உள்ளே போனார். நான் பெண் கொடுத்த வீட்டுக்காரன். பங்காளி இல்லை, எனக்குத் தீட்டு கிடையாது. இருந்தாலும் வாளியை இறக்கி, ஒரு வாளி இறைத்து, என் தலையிலும் ஊற்றிக்கொண்டேன்.